பிசிறு நீக்கும் பீப்பாய்: ஹவுராவிலிருந்து ஒரு நெடுங்குறிப்பு

சென்ற மாதம் ஓர் ஆய்வரங்கில், மேற்பரப்பு மெருகூட்டல் குறித்த அமர்வில் அமர்ந்திருந்தேன். காந்தப் புலத்தால் இயக்கப்படும் உராய்பொடி, பிசைந்த மாவைப் போன்ற கூழ்மத்தை நுண்துளைகளின் ஊடே அழுத்திச் செலுத்தும் முறை, லேசர் மெருகு என்று வாசிக்கப்பட்ட கட்டுரைகள் யாவும் நானோமீட்டர் கணக்கில் பேசின. கேள்வி நேரத்தில் எழுந்து, “எண்ணற்ற சிறு உலோக உறுப்புகள் இன்றும் பீப்பாயில் போட்டு உருட்டித்தான் பிசிறு நீக்கப்படுகின்றன, அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட ஏன் இல்லை?” என்று கேட்டேன். அமர்வுத் தலைவர் புன்னகைத்து, “அது தீர்ந்துபோன சிக்கல்” என்றார். அரங்கிலும் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டார்கள். அன்று சொல்ல இயலாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன். நீளத்தை ஆய்வு நண்பர்கள் பொறுத்தருள்க.

பீப்பாய் உருட்டல் அறியாதோர்க்குச் சிறு விளக்கம். வார்த்தோ வெட்டியோ அச்சழுத்தியோ செய்யப்பட்ட ஓர் உலோக உறுப்பின் ஓரங்களில் பிசிறு நிற்கும். அது கையைக் கிழிக்கும், பொருத்தும்போது இடறும். ஒவ்வொன்றாக அரம் போட்டுக் கொண்டிருந்தால் விலை கட்டுப்படியாகாது. ஆகவே நூற்றுக்கணக்கான உறுப்புகளை ஒரு கிடைமட்டப் பீப்பாயில் பாதியளவு நிரப்பி, உடன் உராயும் துண்டுகளையும் போட்டு, மணிக்கணக்கில் சுழல விடுவார்கள். அவை ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகும். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல்லுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. ஆறு எடுத்துக்கொண்ட நெடுங்காலம் நமக்கு இல்லை என்பதே வேறுபாடு. உங்கள் சட்டைப்பையில் உள்ள நாணயமும் இவ்வழி வந்ததே. நாணயச் சாலைகளில் வில்லைகளைக் காய்ச்சிப் பதப்படுத்தி, அமிலத்தில் கழுவி, உருட்டிப் பளபளப்பாக்கிய பின்னரே முத்திரை அழுத்துவது உலக வழக்கம். 1952 முதல் இயங்கும் அலிப்பூர் நாணயச் சாலை, அந்த அமர்வு நடந்த அரங்கிலிருந்து தொலைவில் இல்லை.

முதலில் ‘தீர்ந்துபோன சிக்கல்’ என்னும் கூற்றை அறிவியல் அளவில் பார்ப்போம். சுழலும் பீப்பாயைக் கண்ணாடி மூடியிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். உள்ளிருக்கும் குவியலின் பெரும்பகுதி பீப்பாயோடு ஒட்டியே திடப்பொருள்போல் சுழல்கிறது. மேலே சரிந்து வழியும் மெல்லிய அடுக்கில் மட்டுமே உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. உராய்வு ஏறத்தாழ முழுவதும் அங்கேதான். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மையவிலக்கு விசையால் சரக்கு சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; வேலை நின்றுவிடும். அந்த வரம்பு வேகம், மீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுத்தால் கிடைக்கும் சுற்று எண். 0.9 மீட்டர் விட்டமுள்ள பீப்பாய்க்கு அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 45 சுற்று. நடைமுறையில் அதில் பாதியையொட்டியே ஓட்டுவார்கள். இந்தச் சூத்திரத்தைக் கேள்விப்பட்டிராத பட்டறைக்காரர்களும் சத்தத்தைக் கொண்டே சரியான வேகத்தை அறிகிறார்கள் என்பதைக் கோவையில் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். கணபதிப் பக்கத்தில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் பீப்பாயின் ‘கடகட’ மாறினால், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு ஓடுவார்.

இதற்கப்பால் நாம் அறிந்தது குறைவு. மெருகேற்றலில் நீங்கும் பொருளின் அளவு அழுத்தத்திற்கும் வேகத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று பிரெஸ்டன் கண்ணாடியை வைத்து 1927இல் சொன்னார். பீப்பாய்க்குள் அந்த அழுத்தம் எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை முறை என்பதை நேரடியாக அளப்பது இன்றும் எளிதன்று. பெரியவையும் சிறியவையும் கலந்த சரக்கைச் சுழற்றினால் சிறியவை நடுவில் திரள்கின்றன. நீண்ட பீப்பாயில் பட்டை பட்டையாகவும் பிரிகின்றன. ஜப்பானில் ஓயாமா இதை 1939இல் குறித்தார். இன்றளவும் அதன் காரணம் பற்றிய விவாதம் முடியவில்லை. குவிந்த கல்லொன்று எல்லாத் திசைகளிலும் சமமாகத் தேயுமானால் இறுதியில் கோளமாகும் என்பதற்கான கணிதத்தை ஃபைரி 1974இல்தான் எழுதினார். வளைவு மிகுந்த இடம் விரைவாகத் தேயும் என்பதே அதன் சாரம். பிசிறும் கூர்விளிம்பும் முதலில் போவதும், குழிவான உட்பகுதிகள் தீண்டப்படாமல் எஞ்சுவதும் இதனால்தான். எந்த உறுப்புக்கு எந்த வடிவத் துண்டு, எத்தனை மணி நேரம் என்பதை ஆலைகள் பெரும்பாலும் போட்டுப் பார்த்தே முடிவு செய்கின்றன. இதைத் தீர்ந்த சிக்கல் என்பவர் தீர்வைக் காட்டவேண்டும்.

ஆனால் என் மறுமொழியின் மையம் இதுவன்று.

ஹவுராவைக் கிழக்கின் ஷெஃபீல்டு என்று அழைத்த காலம் உண்டு. பெலிலியஸ் சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும் தாஸ்நகர், லிலுவா, சால்கியா பகுதிகளிலும் இன்றும் ஒரு வீட்டின் முன்னறை அளவேயுள்ள பட்டறைகளில் கடைசல் இயந்திரங்கள் ஓடுகின்றன. இந்நகரின் வார்ப்படச் சாலைகள் ஊற்றிய ஆள்நுழைவழி மூடிகள் அமெரிக்கத் தெருக்கள் வரை சென்றிருக்கின்றன. மூடி போன்ற பெருவார்ப்புகளைச் சுத்தியலும் உளியும் அரைச்சக்கரமும் கொண்டு கையாலேயே துப்புரவாக்குவார்கள். குழாய் இணைப்புகள், எடைக்கற்கள், எந்திரச் சில்லறை உறுப்புகள் ஆகியவையே பீப்பாய்க்குச் செல்லும். நம் கோவைப் பேச்சில் இதற்கு ஃபெட்லிங் என்று பெயர். கல்லூரிப் பாடநூலில் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும் பகுதி அது.

வார்ப்பிலிருந்து பீப்பாய் நீக்குவது பிசிறை மட்டுமன்று. உருகிய இரும்பு பட்டு வெந்த அச்சுமணல் வார்ப்பின் தோலோடு ஒட்டியிருக்கும், அதையும் நீக்குகிறது. அச்சுமணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். 573 பாகையில் அதன் படிக அமைப்பு மாறுகிறது. அந்த மாற்றத்தின்போது விரிந்து, மணிகள் விரிசல் காண்கின்றன. அவ்வாறு நலிந்த மணலை, வெள்ளை வார்ப்பிரும்பில் செய்த கூர்முனை நட்சத்திரங்களோடு சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் உலர்ந்த நிலையில் உருட்டினால் என்னவாகும்? மணல் அரைக்கும் ஆலையாகவே பீப்பாய் மாறிவிடுகிறது. நுரையீரலின் கடைக்கோடிச் சிற்றறைகளை எட்டும் துகள்கள் பெரும்பாலும் நான்கைந்து மைக்ரானுக்கும் குறைவானவை. அவை கண்ணுக்குத் தெரியா. புதிதாக உடைந்த குவார்ட்ஸ் முகங்கள் பழைய தூசைவிட நுரையீரலுக்கு நச்சு மிகுந்தவை என்பதும் நெடுநாளாக அறியப்பட்டதே. மூடியைத் திறக்கும் கணத்தில் வெளிவரும் சாம்பல் மேகத்தைக் கண்டு நாம் பின்வாங்குகிறோம். ஆபத்து மேகம் அடங்கிய பின்னும் மிதந்துகொண்டிருக்கும் கண்காணாப் பகுதியில் இருக்கிறது.

கடந்த குளிர்காலத்தில் இப்படியொரு பட்டறைக்குச் சென்றேன். பெயர் வேண்டாம், உள்ளே விட்டதே பெரிது. பீப்பாயைக் கவனித்துக்கொண்டவர் பீகாரிலிருந்து வந்தவர், ஐம்பதைக் கடந்தவர். முகத்தைச் சுற்றி ஒரு கம்சாத் துணி. அதன் மூக்கு மறைத்த இடம் மட்டும் கறுத்திருந்தது. எத்தனை ஆண்டுகளாக இந்த வேலை என்று கேட்க, முதலில் காதைத் திருப்பிக் காட்டினார். உரக்கக் கேட்கவேண்டும் என்று பொருள். பீப்பாய் உள்ள கூடத்தில் ஓசை நூறு டெசிபலை எளிதில் தாண்டும். “சாச்சா, இருமல் உண்டா?” என்றேன். “இந்த வேலைக்கு வந்தவன் இருமாமல் இருப்பானா, பாபு? டாக்டர் டிபி என்றார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். டிபி போய்விட்டது என்றார். இருமல் போகவில்லை” என்றார். பிறகு, நான் நிற்கும் இடம் காற்று வீசும் பக்கம் என்று சொல்லி என்னை நகர்ந்து நிற்கச் செய்தார். அவர் அங்கேயே நின்றார்.

அவருக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. நான் மருத்துவன் அல்லன். ஆனால் சிலிக்கோசிஸ் பொதுவாகப் பத்தாண்டுகளுக்குப் பின் வெளிப்படும், மருந்தில்லாத நோய் என்பதும், காசநோய் தொற்றும் வாய்ப்பை அது பன்மடங்கு கூட்டும் என்பதும், மார்புப் படத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் நாட்டில் வழக்கமே என்பதும் மருத்துவ நூல்களில் உள்ளவை. இதே மாநிலத்தில் மினாகாங் வட்டாரத்து நிகழ்வை நினைவுகூர வேண்டும். 2009இல் ஐலா புயல் நிலங்களில் உப்புநீரைப் புகுத்திய பின் அங்கிருந்து இளைஞர்கள் மேற்குப் பக்கத்துக் கல்லுடைப்பு ஆலைகளுக்குப் போனார்கள், சில ஆண்டுகளில் மூச்சு வாங்கத் திரும்பினார்கள், பலர் மாண்டார்கள். அவர்களிலும் பலருக்கு முதலில் தரப்பட்டது காசநோய் மருந்துதான். அது வெளிச்சத்துக்கு வந்ததற்குக் காரணம், நோயுற்றோர் ஒரே ஊர்ப்புறத்தார் என்பது. ஹவுராவின் பீப்பாய்த் தொழிலாளிகள் பல மாவட்டத்தார், பல மாநிலத்தார். முடியாதபோது ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களின் மரணம் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் ஹவுராவோடு இணைக்கப்படுவதில்லை.

ஹவுராவின் வார்ப்படச் சாலைகளை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இருமுறை கவனித்தார்கள். முதலாவது, 1990களில் காற்று மாசு வழக்குகளின் காலம். அப்போது கண்கள் புகைபோக்கியின் மேல் இருந்தன. டெரி நிறுவனமும் சுவிஸ் வளர்ச்சி முகமையும் சேர்ந்து, இரட்டை வரிசைக் காற்றுத் துளைகள் கொண்ட குப்போலா உலையையும் புகைகழுவும் அமைப்பையும் 1998இல் இங்கே செய்து காட்டின. கற்கரிச் செலவு கணிசமாகக் குறைந்தது, புகையும் குறைந்தது. நல்ல பணி, அதைக் குறை கூறவில்லை. ஆனால் புகைபோக்கியின் புகை நகரத்தார் எல்லோருடைய மூக்குக்கும் உரியது. பீப்பாயின் தூசு ஒரு கூடத்துக்குள் நிற்கும் நான்கு பேருக்கு மட்டுமே உரியது.

இரண்டாவது, 2007 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட படங்கள். நியூயார்க் தெருக்களின் மூடிகளை ஹவுராவில் வெறுங்காலோடு நின்று வார்ப்பவர்களின் படங்கள் அவை. உருகிய இரும்புக்கு அருகில் செருப்பில்லாப் பாதங்கள். அங்குள்ள மின் நிறுவனமொன்று தன் ஒப்பந்தங்களில் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளைச் சேர்ப்பதாக அறிவித்தது. படத்தில் விழக்கூடிய ஆபத்தைப் படம் காட்டியது. பாதத்தில் படும் தீக்காயம் படத்தில் விழும். நுரையீரலில் படியும் தூசு விழாது. பல காலணிகள் வழங்கப்பட்டிருக்கக்கூடும். சமூகவியல் துறை நண்பர்கள் யாரேனும் அந்த நிகழ்வுக்குப் பின்னான பத்தாண்டுகளை எடுத்து ஆராய்ந்தால் மகிழ்வேன்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. போபாலுக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணையில், ஆபத்தான செய்முறை உள்ள தொழில்களின் வரிசையில் வார்ப்படச் சாலை பெயர் சொல்லியே இடம்பெற்றது. மணலும் குண்டும் பாய்ச்சி வார்ப்புகளைத் துப்புரவாக்குவதும் வழவழப்பாக்குவதும் அதில் தனித்துக் குறிக்கப்பட்டன. வேலைக்கு எடுக்குமுன் மருத்துவச் சோதனை, பின்னர் பன்னிரண்டு மாதத்திற்கு ஒருமுறையேனும் சோதனை, உடல்நலப் பதிவேடு ஆகியன கட்டாயம். சிலிக்கோசிஸ் அறிவிக்கை செய்யவேண்டிய நோய். காற்றில் இருக்கத்தக்க நுண்தூசின் அளவுக்கும் சூத்திரம் தந்தார்கள்: குவார்ட்ஸ் விழுக்காட்டோடு 2ஐக் கூட்டி, அதனால் 10ஐ வகுத்தால் ஒரு கனமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். தூசில் 20 விழுக்காடு குவார்ட்ஸ் என்றால் வரம்பு 0.45; அதில் குவார்ட்ஸ் மட்டும் 0.09. அமெரிக்கா 2016இல் குவார்ட்ஸுக்கு வைத்த வரம்பு 0.05. நம் வரம்பு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தளர்வானது. அந்தத் தளர்ந்த வரம்பையாவது பீப்பாய்க் கூடத்தில் யாரேனும் அளந்தார்களா என்றால், நான் சென்ற பட்டறைகளில் அளவி என்ற பொருளையே எவரும் கண்டதில்லை.

இந்தச் சட்டம் மின்விசை கொண்டு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. 2020இல் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை இருபதாக்கியது. பாதுகாப்புக் கடமைகளுக்குப் பத்து என்னும் வரம்பு வேறோர் உறுப்பில் நிற்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் நான் பார்த்த சந்துகளில் உருக்குவது ஒருவர், அச்செடுப்பது ஒரு குத்தகைக்காரர், ஃபெட்லிங் இன்னொரு குத்தகைக்காரர். எடைக் கணக்கில் கூலி. பதிவேட்டில் ஐந்தாறு பெயர்கள். எந்த எண்ணை வைத்தாலும் இவர்கள் அதற்குக் கீழே நழுவிவிடுவார்கள். புதிய தொகுப்பிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: உயிருக்கு ஆபத்தான பணி என்று அரசு அறிவிக்கை செய்தால், ஆள் எண்ணிக்கையைப் பாராமல் சட்டம் பொருந்தும். வார்ப்படத் துப்புரவையும் உலர் பீப்பாய் உருட்டலையும் அவ்வாறு அறிவிக்கவேண்டும் என்பது என் முதற் கருத்து. பிரிட்டன் வார்ப்புகளின்மேல் மணலைப் பாய்ச்சுவதை 1949இலேயே தடை செய்தது. நாம் தடைகூடக் கேட்கவில்லை. கணக்கில் எடுத்துக்கொள்ளும்படியே கேட்கிறோம்.

உடனே வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும்: “விதியை இறுக்கினால் சிறுபட்டறை மூடப்படும், அந்தச் சாச்சாவுக்கு வேலை போகும்.” இதை எளிதில் தள்ளிவிட மாட்டேன். விலை கிலோவுக்குப் பேசப்படும் தொழிலில் உரிமையாளர்களும் செல்வந்தர்கள் அல்லர். பெரிய சாலைகள் பீப்பாயைக் கைவிட்டு, மூடிய அறைக்குள் எஃகுக் குண்டுகளை வீசும் எந்திரத்திற்கு மாறிவிட்டன. சிறியவரால் அது ஆகாது. ஆனால் பீப்பாயை வைத்துக்கொண்டே தூசை அடக்க வழி உண்டு. பீப்பாயின் அச்சுத்தண்டைத் துளையுள்ளதாகச் செய்து, அதன் வழியே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சித் துணிப்பை வடிகட்டிக்கு அனுப்புவது. மூடியைத் திறக்குமுன் சில நிமிடம் உறிஞ்சியை ஓடவிட்டால் அந்தச் சாம்பல் மேகம் எழாது. இது புதுமையன்று, கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே வழக்கில் இருந்தது. ஹவுராவின் எந்தக் கடைசல்காரரும் அந்தத் தண்டைக் கடைந்து தருவார். அதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை.

நீரிட்டு உருட்டலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். தூசு உண்மையிலேயே அடங்கும். ஆனால் வார்ப்பிரும்பு துருவேறும், துருத்தடுப்பான் வேண்டும், பின் உலர்த்தவேண்டும். சேறு வரும், அந்தச் சேறு காய்ந்தால் மீண்டும் அதே குவார்ட்ஸ் தூசு, இம்முறை சந்தின் சாக்கடை ஓரத்தில், குழந்தைகள் விளையாடும் இடத்தில். ஒரு கூடத்தின் துன்பத்தைத் தெருவுக்கு மாற்றும் தீர்வை நான் தயங்கியே பரிந்துரைப்பேன். எந்த வார்ப்புக்கு நீர் பொருந்தும், எதற்கு உறிஞ்சி போதும், எவ்வளவு மின்செலவு கூடும், உருட்டும் நேரத்தைக் குறைத்தால் தூசு எவ்வளவு குறையும் என்பவையெல்லாம் ஆய்வுக்கேள்விகள். ஒரு முதுகலை மாணவர் ஈராண்டில் விடை காணத்தக்க கேள்விகள். துகள் இயக்கத்தைக் கணினியில் பின்தொடரும் முறையை கண்டாலும் ஸ்டிராக்கும் 1979இல் தந்துவிட்டார்கள். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நம் துறையில் மெருகூட்டல் ஆய்வின் வெற்றி ஓர் எண்ணால் அளக்கப்படுகிறது: மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு. அந்த எண் குறைந்தால் கட்டுரை வெளியாகும். அது குறையும்போது காற்றில் என்ன கூடியது என்று எந்த மதிப்பீட்டாளரும் கேட்பதில்லை.

பிறரை மட்டும் சொல்வது நியாயமாகாது. இதை எழுதுமுன் என் ஆய்வேட்டின் எழுதி முடித்த மூன்று இயல்களைத் திறந்து ‘தூசு’ என்று தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் வந்திருந்தது; அளவுகருவியின் வில்லையைத் தூசின்றித் துடைத்து வைத்ததாக எழுதியிருந்தேன்.

நான்காம் இயலை மாற்றுகிறேன். நெறியாளர் முழுமனதோடு இல்லை என்றாலும் மறுக்கவில்லை. வரும் குளிர்காலத்தில் துளையுள்ள அச்சுத்தண்டு ஒன்றைத் தன் பீப்பாயில் பொருத்திப் பார்க்க ஒரு பட்டறை உரிமையாளர் இசைந்திருக்கிறார். தொழிலாளியின் சட்டைக்கழுத்தில் மாட்டும் தூசு அளவிகள் இரண்டு இரவலாகக் கிடைத்துள்ளன. பொருத்துமுன் பத்து நாளும் பொருத்திய பின் பத்து நாளும் அளக்கவேண்டும். காலை ஏழு மணிக்கு ஹவுரா பாலத்தைக் கடக்க முடிந்த இரண்டு மாணவர்கள் தேவை. வங்காளமோ இந்தியோ ஓரளவு பேசத் தெரிந்தால் போதும். தொழிலாளர் மருத்துவம் பயில்வோர் ஒருவர் உடன் வந்தால் பெரும் உதவியாக இருக்கும். காதடைப்பானும் முகக்கவசமும் நான் கொண்டு வருகிறேன். முதல் கவசம் சாச்சாவுக்கு.